காலையில் மட்டும் திக்கும் கார்: இன்ஜின் சூடாகும் முன் காரணத்தைப் பிடிப்பது எப்படி

காலை ஆறே முக்கால். பினாங்கின் பாயா தெருபோங் அடுக்குமாடியிலிருந்து காரை வெளியே எடுத்து, சாலையில் ஓர் இடைவெளி பார்த்துப் பெடலை மிதிக்கிறேன். கார் போகவில்லை. முக்கால் நொடிதான் இருக்கும், மிதித்த கால் பஞ்சில் புதைந்த மாதிரி. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் கடைசி நேரத்தில் ஒடித்துக்கொண்டு போகிறது. அப்புறம் ஒரு குலுக்கு, திடீரென்று பாய்ச்சல். ரெலாவ் பக்கம் போகும் மேட்டில் இன்னும் இரண்டு தடவை இதே கதை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையை நெருங்கும்போது ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்.

மாலையில் பட்டறைக்குக் கொண்டுபோனால் போமேன் (மெக்கானிக்) ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "நல்லாத்தானே இழுக்குது தம்பி" என்பார். நாள் முழுக்க ஓடிச் சூடான காரைக் கொடுத்தால் அவர் வேறு என்ன சொல்வார்? இருந்தாலும் வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் ப்ளக் மாற்றினோம், ப்ளக்குக்கு மின்சாரம் தரும் கொயில் ஒன்று மாற்றினோம், காற்று உள்ளே போகும் வாயிலான திராட்டில் பாடியை இரண்டு தடவை கழுவினோம். நான்கு மாதம் ஓடியது, ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போனது. கடைசியில் பார்த்தால் கோளாறு விரல் நீள ரப்பர் குழாய் ஒன்றிலும், இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத ஒரு தெர்மோஸ்டாட்டிலும் இருந்தது.

இந்தக் கோளாறு ஒரு நாளில் சில நிமிடங்கள்தான் வெளியே தலைகாட்டும். அப்போதுதான் பிடிக்க முடியும். இன்ஜின் சூடேறிவிட்டால் அன்றைய வாய்ப்பு போயிற்று, அடுத்த வாய்ப்பு மறுநாள் காலைதான். அதனால் இந்த வழிகாட்டியைக் காலை காலையாகப் பிரித்திருக்கிறேன். ஒரு காலைக்கு ஒரு வேலை. அவசரப்பட்டு ஒரே நாளில் நான்கைத் தொட்டால், எது சரிசெய்தது என்று கடைசி வரை தெரியாது.

26 டிகிரி என்ன பெரிய குளிரா?

பினாங்கில் விடியற்காலை வெப்பம் 24, 26 டிகிரி. இன்ஜின் வேலை செய்யும் சூடோ 85 முதல் 95 டிகிரி. நமக்கு இதமான காலை, இன்ஜினுக்கு அறுபது டிகிரி பள்ளம்.

பெட்ரோல் ஆவியானால்தான் எரியும். ஆறிக் கிடக்கும் இன்ஜினில் இன்ஜெக்டர் தெளிக்கும் பெட்ரோலில் ஒரு பங்கு ஆவியாகாமல், காற்று உள்ளே போகும் குழாயின் சுவரிலும் வால்வின் முதுகிலும் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. இது இன்ஜினை நடத்தும் கணினியான ஈசியூவுக்குத் தெரியும். அதனால் இன்ஜின் ஆறியிருக்கும்போது பெட்ரோலைக் கூடுதலாகவே ஊற்றும். சிக்கல் நீங்கள் பெடலை மிதிக்கும் கணத்தில்தான். திராட்டில் திறந்ததும் உள்ளே இருக்கும் வெற்றிடம் குறைகிறது. வெற்றிடம் குறைந்தால் ஆவியாவதும் குறைகிறது, சுவரில் ஒட்டுவது கூடுகிறது. காற்று உடனே வந்துவிடும், பெட்ரோல் பின்தங்கும். அந்த நேரத்துக்கென்றே ஈசியூ ஒரு வீச்சு கூடுதல் பெட்ரோல் கொடுத்துச் சமாளிக்கிறது.

எல்லாம் ஒழுங்காக இருந்தால் இந்தச் சமாளிப்பு உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் எங்கோ கொஞ்சம் காற்று கசிகிறது, ஒரு சென்சார் கொஞ்சம் பொய் சொல்கிறது, ஸ்பார்க் கொஞ்சம் பலவீனம் என்றால், சூடான இன்ஜின் அந்தக் குறையை மறைத்துக்கொள்ளும். ஆறிய இன்ஜினால் மறைக்க முடியாது. பனி நாட்டுக்காரர்கள் உறைந்த ஆயில், ஐஸ் என்று காரணம் சொல்லலாம். நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. 26 டிகிரியில் கார் திக்கினால் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது என்றுதான் பொருள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஸ்டார்ட் செய்த முதல் அரை நிமிடம், ஒரு நிமிடம் வரை பல கார்கள் ஸ்பார்க் நேரத்தை வேண்டுமென்றே பின்தள்ளும். புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்க இந்த ஏற்பாடு. ஆர்பிஎம் 1,200க்கு மேல் நிற்கும், இழுவை கொஞ்சம் மந்தமாக இருக்கும். ஆட்டோ கியர் காரும் ஆறியிருக்கும்போது மேல் கியருக்கு மாறத் தாமதிக்கும். இவை கோளாறு அல்ல. ஆர்பிஎம் முள் இறங்கும் வரை பொறுத்து மெதுவாகக் கிளம்பினால் போதும். பத்து நிமிடம் நின்ற இடத்தில் சூடேற்றும் பழக்கம் பெட்ரோலுக்குத்தான் கேடு. மூடிய இடத்தில் அதைச் செய்தால் உயிருக்கே கேடு.

முதலில் திக்கலைக் கேளுங்கள்

"திக்குது" என்ற ஒரே சொல்லில் நாம் நான்கு வேறு கோளாறுகளைச் சொல்கிறோம். கருவி வாங்குவதற்கு முன் இரண்டு காலை சும்மா ஓட்டி, எந்த வகை என்று எழுதி வையுங்கள். இந்தக் குறிப்பு பாதி வேலையை முடித்துவிடும்.

மிதித்தால் ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை, பிறகு மெல்ல எழும்பிப் போகிறது, ஆனால் தட்டல் இல்லை. இது பெரும்பாலும் பெட்ரோல் குறைவு அல்லது கணக்கில் வராத காற்று. இன்ஜின் மூச்சடைத்த மாதிரி அமுங்கும்.

படிக்கட்டில் உருட்டிவிட்ட மாதிரி தட்டுத் தட்டாக வருகிறது, முழு காரும் உதறுகிறது. இது ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விடுவது. ப்ளக், கொயில், சில சமயம் இன்ஜெக்டர்.

மந்தமாக இருக்கிறது, கூடவே பெட்ரோல் வாடை, புகைக்குழாய் ஓரம் கரி. பெட்ரோல் அதிகம். எல்லோரும் குறைவைத்தான் தேடுவார்கள், அதிகமானாலும் இன்ஜின் திக்கும் என்பதை மறந்துவிடுகிறோம்.

கடைசி வகை: ஆர்பிஎம் முள் தாராளமாக ஏறுகிறது, கார் மட்டும் போகவில்லை. இன்ஜின் நன்றாக இருக்கிறது, கியர்பாக்ஸைப் பாருங்கள். சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோ) காரில் முள் முன்னே போய் வேகம் பின்னே வருவது ஓரளவு இயல்பு. அளவு மீறினால் கியர் ஆயிலின் வயதை விசாரியுங்கள். இந்த வழிகாட்டி உங்களுக்கு இல்லை.

அத்தோடு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையும் எழுதுங்கள். எனக்கு உறைக்காமல் போனது இதுதான். நம் வெயில் நாட்டில் ஓடத் தொடங்கி ஐந்தாறு நிமிடத்தில் இன்ஜின் ஓரளவு சூடாகிவிட வேண்டும். என் கார் இருபது நிமிடம் திக்கியது. திக்கலுக்கு ஒரு காரணம், அது அவ்வளவு நேரம் நீடிக்க இன்னொரு காரணம் என்று இரண்டு கோளாறு இருந்ததை அந்த இருபது நிமிடமே சொல்லிக்கொண்டிருந்தது. நான் ப்ளக்கை மாற்றிக்கொண்டிருந்தேன்.

என்ன வேண்டும்

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சின்ன புளூடூத் கருவி ஒன்று, கைப்பேசியில் அதற்கான செயலி. ஐம்பது வெள்ளிக்குள் கிடைக்கும். சில பழைய உள்நாட்டு கார்களில் இது இணையாது, அதற்குப் பட்டறையின் ஸ்கேனர்தான் வேண்டும். ஒரு மல்டிமீட்டர், டார்ச் விளக்கு, செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் புட்டி, ஒரு நோட்டு. முந்தைய இரவு காரை எட்டு மணி நேரமாவது தொடாமல் விட்டிருக்க வேண்டும். "அஞ்சு நிமிஷம் கடைக்குப் போய் வந்தேன்" என்றாலும் காலைச் சோதனை கெட்டுவிடும்.

கார்புரேட்டர் வைத்த பழைய புரோட்டான் சாகாவோ 1994இல் வந்த முதல் தலைமுறை பெரோடுவா கஞ்சிலோ வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கருவி எதுவும் வேண்டாம். ஏர் ஃபில்டரைக் கழற்றி, இன்ஜின் ஓடாதபோது திராட்டிலைக் கையால் இழுத்து, கார்புரேட்டர் தொண்டைக்குள் பாருங்கள். பெட்ரோல் கீற்றாகப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சவில்லை என்றால் ஆக்சிலரேட்டர் பம்பின் சவ்வு போய்விட்டது. அடுத்து சோக் தட்டு ஆறிய நிலையில் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றுதான்.

முதல் காலை: ஸ்டார்ட் செய்யாமல் படியுங்கள்

சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள். பட்டன் கார் என்றால் பிரேக்கை மிதிக்காமல் இரண்டு தடவை அழுத்தினால் பல கார்களில் இந்த நிலை வரும். செயலியில் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்.

கூலண்ட் (இன்ஜினை ஆற்றும் நீர்மம்) வெப்பமும் உள்ளே போகும் காற்றின் வெப்பமும். இரவெல்லாம் ஒரே இடத்தில் கிடந்த காரில் இவை இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும், இரண்டு மூன்று டிகிரி முன்பின் பரவாயில்லை. காற்று 26, கூலண்ட் 27 என்றால் சரி. காற்று 26, கூலண்ட் 55 என்றால் கள்ளனைப் பிடித்துவிட்டீர்கள். இன்ஜின் ஏற்கெனவே சூடு என்று ஈசியூ நம்பிக்கொண்டு, ஆறிய இன்ஜினுக்குத் தர வேண்டிய கூடுதல் பெட்ரோலைத் தராமல் விடுகிறது. கழித்தல் 40 என்று காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது அல்லது சாக்கெட் கழன்றிருக்கிறது. நம் ஊரில் இதற்கு எலியும் ஒரு காரணம். அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் கார் நிறுத்துபவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சந்தேகம் இருந்தால் சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றி மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். பல ஜப்பானிய, உள்நாட்டு கார்களில் அறை வெப்பத்தில் ஏறக்குறைய 2 கிலோ ஓம் காட்டும், 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கும். சூடு ஏற ஏற எதிர்ப்பு குறைய வேண்டும், நடுவில் குதிக்கக் கூடாது. ஒரு எச்சரிக்கை: சில கார்களில் இரண்டு சென்சார் இருக்கும், ஒன்று மீட்டர் முள்ளுக்கு, இன்னொன்று ஈசியூவுக்கு. முள் சரியாகக் காட்டுகிறதே என்று ஏமாற வேண்டாம்.

மூன்றாவது எண், இன்டேக் குழாயின் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள காரில் அந்த உள்ளழுத்தம். இன்ஜின் ஓடாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். கடல் மட்டத்தில் இருக்கும் பினாங்கில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி வரும். அப்படியே பெடலை மெதுவாக முழுக்க மிதித்து விடுங்கள். திராட்டில் விழுக்காடு ஒழுங்காக ஏறி இறங்குகிறதா, எங்காவது நடுவில் திடுக்கென்று விழுகிறதா என்று பாருங்கள்.

இப்போது ஸ்டார்ட் செய்து வழக்கமான பாதையில் ஓட்டுங்கள். கைப்பேசியைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். ஓட்டிக்கொண்டே திரையைப் பார்ப்பது வேண்டாம். கூலண்ட் 80 டிகிரியைத் தொட எத்தனை நிமிடம் என்று அவர் குறிக்கட்டும்.

என் காரில் இருபது நிமிடம் ஆகியும் 70ஐத் தாண்டவில்லை. நெடுஞ்சாலைக்கு வந்ததும் அது 64க்கு இறங்கியது. தெர்மோஸ்டாட் என்பது 82 டிகிரியை ஒட்டித் திறக்கும் ஒரு சின்னக் கதவு. அதுவரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றவைத்துச் சீக்கிரம் சூடாக்குவது அதன் வேலை. "நம்ம ஊரு சூட்டுக்கு இது எதுக்கு" என்று அதைக் கழற்றி எறியும் வழக்கம் இங்கே பல பட்டறைகளில் உண்டு. முன்பு என் காரை வைத்திருந்தவர் எங்கோ ஒரு பட்டறையில் அதைத்தான் செய்திருக்கிறார். விளைவு, இன்ஜின் எப்போதுமே அரைகுறைச் சூட்டில் ஓடுகிறது. திக்கும் காலம் நீள்கிறது, பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. கருவி இல்லாமலும் இதைப் பார்க்கலாம். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள், விசிறியிலிருந்து கையைத் தள்ளி வையுங்கள். சில நிமிடம் வரை குழாய் சூடாகாமல் இருந்து பிறகு சட்டென்று சூடேற வேண்டும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடானால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது இல்லவே இல்லை.

இரண்டாம் காலை: காற்றைத் தேடுங்கள்

பானெட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, ரேடியோ, ஏர்கோன் இரண்டையும் அணைத்துவிட்டுக் காதைக் கொடுங்கள். உஸ் என்ற சீறல் கேட்டால் கசிவு அந்தப் பக்கம்தான். பானெட்டுக்குள் ஆண்டுக்கணக்கில் வெந்த ரப்பர் கல்லாகிப் போயிருக்கும். இரவில் ஆறிச் சுருங்கியதும் வெடிப்பு திறக்கும், சூட்டில் இளகியதும் மூடிக்கொள்ளும். காலையில் மட்டும் வருகிற திக்கலுக்கு இதைவிடப் பொருத்தமான குற்றவாளி கிடையாது.

பார்க்க வேண்டிய இடங்கள்: ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து திராட்டிலுக்குப் போகும் பெரிய குழாயின் மடிப்புகள் (மடிப்பை விரித்துப் பார்க்க வேண்டும், மேலாகப் பார்த்தால் தெரியாது), பிரேக் பூஸ்டர் குழாய், இன்ஜினின் உள் ஆவியை இழுக்கும் பிசிவி குழாயும் அதன் வளைவும், இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட், இன்ஜெக்டர் அடி ரப்பர் வளையம். பெட்ரோல் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டேங்க் நிரப்பிய மறுநாள் மட்டும் திக்கினால் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

தண்ணீர்ப் புட்டியால் ஒவ்வோர் இணைப்பிலும் லேசாகத் தெளியுங்கள், மின் சாக்கெட்டுகளைத் தவிர்த்து. இன்ஜின் ஒலி மாறினாலோ சீறல் ஒரு கணம் நின்றாலோ அந்த இடம்தான். போமேன்கள் இதற்குக் கார்புரேட்டர் கிளீனர் அடிப்பார்கள். வேகமாகக் காட்டிக்கொடுக்கும், ஆனால் அது தீப்பிடிக்கும் பொருள். வீட்டில் செய்பவர்களுக்குத் தண்ணீரே போதும். இன்னொரு வழி, இடுக்கியில் துணி சுற்றி ஒவ்வொரு குழாயாக ஒரு கணம் நசுக்குவது. எதை நசுக்கும்போது இன்ஜின் நிதானமாகிறதோ அதன் பாதையில் கசிவு. பிரேக் பூஸ்டர் குழாயை மட்டும் ஓடும் காரில் தொடாதீர்கள், நின்ற இடத்தில்தான்.

இப்போது செயலியில் ஃபியூல் ட்ரிம் என்ற எண். ஈசியூ தன் கணக்குக்கு மேல் எத்தனை விழுக்காடு பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்று சொல்வது இதுதான். ஸ்டார்ட் செய்த உடனே இதைப் பார்த்துப் பயனில்லை. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சூடாகும் வரை ஈசியூ அதைப் பார்க்காமல் தன் மனக்கணக்கில்தான் பெட்ரோல் ஊற்றும். ஒரு நிமிடம், சில கார்களில் மூன்று நிமிடம் கழித்துத்தான் எண்ணுக்குப் பொருள் வரும். நீண்டகாலத் திருத்தம், குறுகியகாலத் திருத்தம் இரண்டையும் கூட்டுங்கள். கூட்டல் ஐந்து, கழித்தல் ஐந்துக்குள் இருந்தால் நிம்மதி. பத்தைத் தாண்டினால் ஈசியூ எதையோ ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது.

நின்ற நிலையில் +15, இன்ஜினை 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் +3 என்று இறங்குகிறது: காற்றுக் கசிவு. கசியும் காற்று அதே அளவுதான், மொத்தக் காற்று கூடும்போது அதன் பங்கு சிறுத்துவிடுகிறது. மாறாக, நின்ற நிலையில் ஒழுங்காக இருந்து, மேடு ஏறும்போது மட்டும் +15 வந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்கடைந்து காற்றைக் குறைத்துச் சொல்கிறது. கழித்தலில் பதினைந்து என்றால் பெட்ரோல் மிகுதி. சொட்டும் இன்ஜெக்டரோ, திறந்தே கிடக்கும் பர்ஜ் வால்வோ.

இங்கே பலர் வழுக்கும் இடம் ஒன்று. மேலே சொன்ன கசிவுக் கணக்கு ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார்களுக்கு. மேப் சென்சார் உள்ள கார்களில், நம் ஊர்ச் சின்ன கார்கள் பலவும் இந்த வகை, கசிந்து வந்த காற்றும் அழுத்தமாக அளக்கப்பட்டுவிடும். அதற்கேற்பப் பெட்ரோலும் போய்விடும். ட்ரிம் ஒழுங்காகத் தெரியும், ஆனால் ஐட்லிங் (நின்ற நிலை ஆர்பிஎம்) உயர்ந்து நிற்கும். சூடான பிறகு நின்ற நிலையில் 30 முதல் 40 கிலோபாஸ்கல் காட்ட வேண்டிய மேப் அதற்கு மேல் நின்றால் சந்தேகப்படுங்கள். ட்ரிம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கசிவைக் கைவிட்டுவிடாதீர்கள்.

என் கார் ஏர்ஃப்ளோ வகை. ட்ரிம் +17. பிசிவி குழாயின் அடிவளைவில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு. டார்ச்சோடு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியும் வைத்துத்தான் பார்த்தேன்.

மூன்றாம் காலை: ஸ்பார்க்

தட்டுத் தட்டாக உதறும் வகை என்றால் இதை இரண்டாம் காலைக்கு முன்பே செய்யுங்கள். ஈசியூ பதிந்து வைத்திருக்கும் கோளாறு எண்ணை, அதாவது கோடை (code), செயலியில் படித்தால் பி0300 என்பது எந்த சிலிண்டர் என்று தெரியாத மிஸ்ஃபயர். பி0301 முதல் பி0304 வரை கடைசி எண்தான் சிலிண்டர். ஒரே சிலிண்டரைக் காட்டினால் வேலை எளிது. அதன் கொயிலை எடுத்து இன்னொரு சிலிண்டரில் போட்டு, கோடை அழித்து, மறுநாள் காலை ஓட்டுங்கள். பி0301 இருந்த இடத்தில் பி0303 வந்தால் கொயிலே குற்றவாளி. வராமல் பழைய எண்ணே நின்றால் அடுத்து ப்ளக்கை மாற்றிப் போடுங்கள், அப்புறம் இன்ஜெக்டர். எதையும் வாங்காமல் கண்டுபிடிக்கும் வழி இதுதான். நான்கு கொயிலையும் புதிதாக வாங்கச் சொல்பவரிடம் இந்தச் சோதனையைச் செய்தாரா என்று கேளுங்கள்.

ப்ளக்கை ஆறிய இன்ஜினில் மட்டுமே கழற்றுங்கள், அலுமினியத் தலையின் மரை சூட்டில் கெட்டுவிடும். இடைவெளி பல கார்களில் 0.8 முதல் 1.1 மில்லிமீட்டர், உங்கள் காரின் கையேட்டில் சரியான எண் இருக்கும். இடைவெளி தேய்ந்து அகன்றால் கொயில் அதிக மின்னழுத்தம் தர வேண்டும், அந்தத் தடுமாற்றம் காலையில்தான் முதலில் தெரியும். ப்ளக் குழிக்குள் ஆயில் நின்றால் டேப்பெட் கவர் கேஸ்கெட் போய்விட்டது, அதை மாற்றாமல் புது ப்ளக் போட்டுப் பயனில்லை. இணையத்தில் பாதி விலைக்கு வரும் இரிடியம் ப்ளக்குகளில் போலி நிறைய. நான் கடைக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்து வாங்குகிறவன்.

நான்காம் காலை: திராட்டில் பாடியும் ஏர்ஃப்ளோவும்

பட்டறைகளில் எல்லாக் கோளாறுக்கும் முதலில் சொல்லும் மருந்து இது. நான் கடைசிப் பக்கம் தள்ளியிருக்கிறேன், ஏனென்றால் கழுவினால் ஐட்லிங் சீராகும், கொஞ்ச நாள் நன்றாகவும் தோன்றும், உண்மையான கோளாறு அப்படியே இருக்கும். தட்டின் ஓரத்தில் கறுப்புப் படிவு கனமாக இருந்தால் துணியில் கிளீனர் நனைத்துத் துடையுங்கள். மோட்டாரில் இயங்கும் திராட்டிலை விரலால் வலுக்கட்டாயமாகத் தள்ளாதீர்கள். பிறகு ஐட்லிங் சில நாள் ஏறி இறங்கும், சில கார்களுக்கு ஸ்கேனரால் மறுபழக்கம் கொடுக்க வேண்டும். ஏர்ஃப்ளோ சென்சாருக்கு அதற்கென்று விற்கும் ஸ்ப்ரே மட்டும், தொடக் கூடாது, காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

ஐந்தாம் காலை: பெட்ரோல்

ஸ்டார்ட் ஆகவே நேரம் எடுக்கிறது, கூடவே முதல் நிமிடத்தில் திக்குகிறது என்றால் இதைச் செய்து பாருங்கள். சாவியை ஆன் வரை திருப்பி இரண்டு நொடி வைத்து அணையுங்கள். பின்சீட்டுப் பக்கம் பம்ப் முனகும். மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சட்டென்று பிடித்துக்கொண்டு திக்கலும் குறைந்தால், இரவில் குழாயின் அழுத்தம் வடிந்துவிடுகிறது: பம்பிலுள்ள செக் வால்வு, ரெகுலேட்டர், அல்லது சொட்டும் இன்ஜெக்டர். அழுத்தத்தைக் கேஜ் வைத்து அளப்பது பட்டறை வேலை. சாதாரண இன்ஜெக்ஷன் கார்களில் மூன்று பாரை ஒட்டி இருக்க வேண்டும், அணைத்த பிறகும் சில நிமிடம் நிற்க வேண்டும். பெட்ரோல் குழாயை வீட்டில் கழற்ற வேண்டாம்.

எல்லாம் சரி, ஆனாலும் திக்குகிறது என்றால் வால்வின் முதுகில் படிந்த கரியை நினையுங்கள். அது கடற்பஞ்சு மாதிரி. காலையில் தெளிக்கும் பெட்ரோலை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நனைந்த பிறகுதான் சிலிண்டருக்கு விடும். நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் பெட்ரோல் அந்த வால்வைத் தொடுவதே இல்லை, அதனால் கழுவப்படாமல் கரி ஏறிக்கொண்டே போகும். அவற்றுக்குக் கழற்றிச் சுத்தம் செய்வதுதான் வழி. பழைய வகை இன்ஜெக்ஷனில் நல்ல கிளீனர் திரவத்தை இரண்டு மூன்று டேங்குக்குக் கலந்து பார்ப்பது மலிவான முயற்சி. ரோன்97 அடித்தால் சரியாகும் என்று சொல்வார்கள். ஆக்டேன் என்பது பெட்ரோல் இன்ஜினுக்குள் தானாக வெடிக்கும் தட்டலை (நாக்) தாங்கும் திறன், ஆவியாகும் திறன் அல்ல. ரோன்95க்கு என்று செய்த இன்ஜினில் காசுதான் செலவாகும்.

போமேனிடம் கொடுக்கும்போது

உங்களால் பிடிக்க முடியாவிட்டால் இரவே காரைப் பட்டறையில் விட்டுவிடுங்கள். நான் கடைசியில் செய்தது அதுதான்.

"அண்ணே, காடிய இங்கயே விட்டுட்டுப் போறேன். காலையில நான் வர்ற வரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ண வேணாம்."

"ஏன் தம்பி, இப்பவே பாக்கலாமே?"

"சூடானா அது ஒளிஞ்சிக்கும்ணே."

சிரித்தார். காலையில் என் நோட்டைக் கையில் கொடுத்தேன்: காற்று 26, கூலண்ட் 27, இருபது நிமிடத்தில் 70, ட்ரிம் +17, 2,500இல் +4. மேலும் கீழும் படித்துவிட்டு, ஸ்கேனரை எடுக்காமலே தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றினார். உள்ளே காலியாக இருந்தது. கோளாறு இன்ஜின் மவுண்டிங்கில் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்) என்று அதுவரை சொல்லிவந்தவரும் அவர்தான், அதை நான் நினைவுபடுத்தவில்லை. கெட்டுப்போன மவுண்டிங் காரை உதறவைக்கும், இழுவையைக் குறைக்காது.

கழற்றும் முன்பு கோடை அழிக்கக் கூடாது என்பதை மட்டும் அவரிடம் சொல்லி வைக்க வேண்டும். கோடோடு, அது விழுந்த நேரத்தில் இன்ஜின் என்ன சூட்டில் இருந்தது என்ற பதிவும் பல கார்களில் சேர்ந்து போய்விடும்.

பழுது பார்த்த பிறகு அழித்துவிடுங்கள். ஈசியூ பழகி வைத்திருந்த திருத்தமும் பூஜ்யத்துக்கு வரும், மறுபடி பழக இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் லேசாக ஏதாவது தோன்றினால் உடனே பட்டறைக்கு ஓட வேண்டாம். நான்காம் நாள் காலை எண்களை மறுபடி எடுங்கள். என் காரில் ட்ரிம் +3, கூலண்ட் ஏழு நிமிடத்தில் 80. குழாய் 18 வெள்ளி, தெர்மோஸ்டாட் கேஸ்கெட்டோடு 60 வெள்ளி, புதுக் கூலண்ட் தனி.